வீட்டுக்கு ஒரு கார் ஸ்கேனர்: எதற்காக, எவ்வளவு?

டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், பழகின மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் போட்டுத்தான் சார் பார்க்கணும்" என்பார். அதற்கு அவர் வாங்குவது சில நூறு ரூபாய். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் இன்னும் கூட. அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் கருவி ஆன்லைனில் 500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 50,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டின் அட்டைப்பெட்டியிலும் 'எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்றுதான் அச்சடித்திருக்கும். வாங்கப் போகிறவர் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து, நடுவில் ஒரு விலையைத் தொட்டு, ஒன்றைக் கூடையில் போடுகிறார். நூறு மடங்கு விலை வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தடுமாற்றம் பெருமளவு தீர்ந்துவிடும். அதற்கான விடையைக் கலிபோர்னியாவின் புகைச் சட்டத்தில் தேட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிச்சலோடு மூடிக்கிடந்த புகைமூட்டம் பெரும்பாலும் கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்குவது என்று 1950களில் விளக்கியவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். 1967இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானதும் அவரே. புதிய காரின் புகையைத் தொழிற்சாலையில் அளந்துவிடலாம். ஐந்து வருடம் ஓடிய காரை யார் வீடு வீடாகப் போய் அளப்பது? காரே தன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைக் கண்காணித்து, கெட்டால் விளக்கைப் போட்டுச் சொல்லட்டும் என்று அந்த வாரியம் முடிவெடுத்தது. ஓபிடி எனப்படும் இந்தச் சுயகண்காணிப்பு முறையின் முதல் கட்டம் 1988 மாடல்களிலிருந்து வந்தது. அப்போதும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி சாக்கெட், தனிக் குறியீடு, தனிக் கருவி. 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 கட்டாயமானபோதுதான் 16 பின் கொண்ட ஒரே வடிவ சாக்கெட்டும் ஒரே குறியீட்டு முறையும் எல்லாக் கம்பெனிகளுக்கும் விதிக்கப்பட்டன. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதைக் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் எழுதியவர்களின் அக்கறை புகை. காரைப் பழுது பார்ப்பவரின் வசதி அவர்கள் மனதில் முதலில் இருக்கவில்லை. ஆகவே புகையோடு தொடர்புள்ள எஞ்சின் விவரங்களை மட்டும் எந்தக் கருவிக்கும் திறந்து காட்டச் சொன்னார்கள். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங், ஏசி, சாவிப் பூட்டு ஆகியவற்றைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. அவை கம்பெனியின் சொந்த மொழியிலேயே இருந்துவிட்டன. 500 ரூபாய்க் கருவி எஞ்சினை முழுதாகப் படித்துவிட்டு ஏபிஎஸ் விளக்கின் முன் ஊமையாக நிற்பதன் காரணம் இதுதான். விலை ஏற ஏற நாம் காசு கொடுப்பது, சட்டம் கட்டாயப்படுத்தாத அந்த மொழிகளை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் யாரோ உட்கார்ந்து சேகரித்த உழைப்புக்கு. ஸ்கேனர் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நம் தேவை சட்டம் போட்ட இந்தக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது.

நம் நாட்டில் இந்தக் கோடு தாமதமாகத்தான் விழுந்தது. பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு வந்தபோது கூடவே ஓபிடி முதல் கட்டமும் வந்தது. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். நாடு முழுவதற்கும் பாரத் ஸ்டேஜ் 4 என்றானது 2017 ஏப்ரலில். பிறகு 2020இல் பாரத் ஸ்டேஜ் 6. ஆகவே 2013க்குப் பிந்தைய பாரத் ஸ்டேஜ் 4 காரானால் எந்தச் சாதாரண ஓபிடி கருவியும் எஞ்சினோடு பேசிவிடும் என்று நம்பலாம். 2010க்கு முந்தைய கார்களில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே அச்சு அசல் அதே 16 பின் சாக்கெட் இருக்கும். கருவியைச் செருகினால் விளக்குகூட எரியும். ஆனால் உள்ளே ஓடுவது கம்பெனியின் பழைய மொழி; 'காருடன் இணைக்க முடியவில்லை' என்ற செய்தியோடு கதை முடிந்துவிடும். விளக்கு எரிவதற்கும் இணைப்புக்கும் சம்பந்தமில்லை. சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி நேராக வருகிறது, 4ஆம் பின் எர்த். அந்த மின்சாரத்தில் எரிகிற விளக்கு அது. பேச்சு நடப்பது புதிய கார்களில் 6, 14 ஆகிய பின்களில் (இது கேன் எனப்படும் முறை, பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது), கொஞ்சம் பழைய கார்களில் பெரும்பாலும் 7ஆம் பின்னில். பழைய கார் வைத்திருப்பவர், நண்பரிடம் ஒரு கருவியை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டுக் காசை எடுப்பது நல்லது.

இனி கருவிகளுக்கு வருவோம். சந்தையின் அடித்தட்டில் இருப்பது தீப்பெட்டி அளவு ப்ளூடூத் அடாப்டர். இதற்குத் திரை கிடையாது. சாக்கெட்டில் செருகினால் போன் செயலியோடு பேசும். ஏறக்குறைய எல்லா அடாப்டரும் தன்னை 'இஎல்எம்327' என்று சொல்லிக்கொள்கிறது. கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி, காரின் வெவ்வேறு மொழிகளை எளிய எழுத்துக் கட்டளைகளாக மாற்றித் தரும் சிப் ஒன்றைச் செய்து இந்தப் பெயரில் விற்றது. முதல் பதிப்பில் நிரலுக்குப் பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். நகலெடுப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அந்த நிரல் அப்படியே படியெடுக்கப்பட்டு உலகமெங்கும் பரவியது. எல்ம் கம்பெனி 2022இல் கடையை மூடிவிட்டது. அதன் பெயரோ இன்றும் லட்சக்கணக்கான நீலப் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்ம் வெளியிடாத 'வி1.5' என்ற பதிப்பு எண்ணைப் பெருமையாக அச்சிட்டு விற்கிற அடாப்டர்களும் உண்டு. எனவே பெட்டியில் உள்ள பதிப்பு எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

நகல் என்பதால் மட்டும் தள்ளிவிடத் தேவையில்லை. எஞ்சின் குறியீட்டைப் படிக்க, அழிக்க, ஆர்பிஎம் பார்க்க 500 ரூபாய் நகலே போதும். அதன் குறை வேறு இடங்களில் வெளிப்படும். நீளமான பதில்களை நடுவில் துண்டித்துவிடும். சில கட்டளைகளைத் தெரிந்ததுபோல் 'ஓகே' சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாது. நொடிக்கு இரண்டு மூன்று அளவுகளுக்கு மேல் தராமல் திணறும். 7ஆம் பின் முறையில் பேசும் பழைய கார்களில் அடிக்கடி அறுந்துபோகும். எந்த நகல் எப்படி என்பது ஒரே கடையில் ஒரே மாதத்தில் வாங்கிய இரண்டு பெட்டிகளுக்குள்ளேயே மாறும் என்பதுதான் பெரிய தொல்லை. போனில் இலவசமாகக் கிடைக்கும் சோதனைச் செயலிகள், அடாப்டர் எந்தக் கட்டளைகளை உண்மையில் நிறைவேற்றுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியல் போட்டுக் காட்டும். வாங்கிய அன்றே அதை ஓட்டிவிட்டு, தேறாததைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடலாம்.

அதற்கு அடுத்த படியில், சுமார் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள், வீகேட் போன்ற கம்பெனிகளின் அடாப்டர்கள் இருக்கின்றன. இவையும் எல்ம் கட்டளைகளைத்தான் பேசுகின்றன, ஆனால் ஒழுங்காகப் பேசுகின்றன. வீட்டில் கார் பார்ப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இந்தப் படியிலேயே தேடலை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. ஓபிடிலிங்க் என்ற பெயரில் வரும் அடாப்டர்கள் இவற்றைவிடச் சிறந்தவை. இறக்குமதி விலையைப் பார்த்தால் வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு கொடுக்கத் தோன்றாது. ஐபோன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதாரண ப்ளூடூத் அடாப்டர் ஐபோனோடு சேராது. குறைமின் ப்ளூடூத் உள்ளதையோ வைஃபை உள்ளதையோ கேட்டு வாங்க வேண்டும். செயலியைப் பொறுத்தவரை டார்க், கார் ஸ்கேனர் இரண்டும் பலரும் பயன்படுத்துபவை. முழுப் பதிப்புக்குச் சில நூறு ரூபாய் கொடுப்பது வீணில்லை. செயலி சரியில்லை என்றால் விலையுயர்ந்த அடாப்டரும் வெறும் பெட்டிதான்.

கையில் பிடிக்கும் ஸ்கேனர் என்ற இன்னொரு இனம் உண்டு. திரையும் ஒயரும் பொத்தான்களும் கொண்டது; சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்; போன் வேண்டாம், இணைப்புக் கடவுச்சொல் வேண்டாம். ஆட்டெல், லாஞ்ச் முதலிய ஷென்சென் கம்பெனிகளின் ஆரம்ப மாடல்கள் இந்த வகை. செயலி என்றாலே ஒதுங்குகிற அப்பாவுக்கு வாங்கித் தரலாம். ஆனால் அதே விலைக்கு அடாப்டரும் செயலியும் தரும் வரைபடமும் பதிவும் இதில் கிடைக்காது. 'பல்லாயிரம் குறியீட்டு விளக்கங்கள் உள்ளே' என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. பி0171 என்றால் என்ன என்று போனில் தட்டினால் வந்துவிடும்.

குறியீட்டின் அர்த்தத்தைப் படிப்பதில் ஒன்றுமில்லை; அதற்குப் பின்னால் உள்ள எண்களைப் படிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். பல இடங்களில் இதைப் பார்த்ததும் யோசிக்காமல் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் எண்களைப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் 'ஃப்யூவல் ட்ரிம்' என்ற இரண்டு எண்கள் ஓடும்: ஒன்று நொடிக்கு நொடி மாறுவது, மற்றொன்று கார் நாளாவட்டத்தில் கற்றுக்கொண்டது. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பத்து சதவீதத்துக்குள் மேலும் கீழும் ஆடினால் சரி. பிளஸ் 25க்குப் பக்கத்தில் நின்றால், கார் கணக்குப் போட்டதைவிடக் கால் பங்கு அதிகம் பெட்ரோல் ஊற்றித்தான் சமாளிக்கிறது என்று பொருள். இப்போது ஐடிலில் ஒரு தடவையும் 2,500 ஆர்பிஎம்மில் ஒரு தடவையும் பாருங்கள். ஐடிலில் மோசமாக இருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சரியானால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐடிலில் சுமாராக இருந்து, ஏற்றத்தில் இழுக்கும்போது மோசமானால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும்.

யூடியூபில் அமெரிக்க மெக்கானிக்குகள் சொல்லித் தருவது இவ்வளவுதான். நம் ஊருக்கு வரும்போது ஒரு திருத்தம் தேவை. மேலே சொன்ன காற்றுக் கசிவு விதி, உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கொண்ட கார்களுக்கானது. இங்கே ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார்தான். இந்த வகைக் காரில் காற்று கசிந்தால் அழுத்தம் ஏறும், சென்சாரும் அதைப் பார்த்துவிடும், பெட்ரோலும் அதற்கேற்ப ஏறும். எனவே ட்ரிம் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. ஐடில் ஆர்பிஎம் தூக்கி நிற்பதுதான் அடையாளம். தன் காரில் எந்த சென்சார் என்று தெரியாமல் ட்ரிம்மைப் படிப்பவர் கசிவைத் தேடித் தேடி ஓய்ந்துபோவார். மேப் சென்சாரையே சோதிக்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பினால், அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் ஏறக்குறைய 100 கிலோ பாஸ்கல், பெங்களூரில் 91, ஊட்டியில் 77 அல்லது 78. சென்னையில் நிற்கும் கார் 85 என்று காட்டினால் அந்த சென்சார் சொல்லும் எதையும் நம்ப முடியாது.

இதேபோல் இன்னொன்று. ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால்? மார்கழி மாதத்து ஊட்டியிலும் அந்தக் குளிர் கிடையாது. சென்சாருக்குள்ளோ, சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலோ இணைப்பு அறுந்திருக்கிறது என்பதன் அடையாளம் அந்த எண். கூடவே பி0118 என்ற குறியீடும் பதிவாகியிருக்கும். செயலி அதற்கு 'கூலன்ட் வெப்ப சென்சார்' என்று விளக்கம் எழுதும். கடையில் புது சென்சார் வாங்கிப் போடுவார்கள். விளக்கு மறுபடி எரியும். மழைக்காலத்தில் பானெட்டுக்குள் குடிவந்த எலி ஒயரைக் கடித்திருக்கும், அல்லது கப்ளர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். சென்சார் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்னையும் ஒரு சிறு ஒயரால் சேர்த்துப் பார்த்தால் மைனஸ் 40 சட்டென்று நூற்றுக்கு மேல் ஏற வேண்டும். ஏறினால் ஒயர் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றலாம். ஏறாவிட்டால் சென்சார் வாங்கும் காசு மிச்சம். (இது கூலன்ட் சென்சாருக்கு மட்டும் சொன்னது, மூன்று ஒயர் உள்ள சென்சாரில் இப்படிச் சேர்த்து விளையாடக் கூடாது.)

ஸ்கேனர் பட்ஜெட்டில் 700, 800 ரூபாயை ஒரு மல்ட்டிமீட்டருக்கு ஒதுக்கிவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்கு என்ன தெரிகிறது என்பதை ஸ்கேனர் சொல்லும். ஒயரில் உண்மையில் என்ன ஓடுகிறது என்பது மீட்டரில்தான் தெரியும். 15,000 ரூபாய் ஸ்கேனர் வைத்துக்கொண்டு மீட்டர் இல்லாதவரைவிட, 2,000 ரூபாய் அடாப்டரும் மீட்டரும் வைத்திருப்பவர் சீக்கிரம் கோளாறைக் கண்டுபிடிப்பார்.

பி0420 பற்றியும் ஒரு வரி. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திறன் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் போட்டிருக்கும். புது கன்வெர்ட்டர் பல ஆயிரங்களை விழுங்கும். அதற்கு முன்னால் சைலன்சர் குழாய் இணைப்பில் புகை கசிகிறதா, எஞ்சின் மிஸ் ஆகிறதா என்று பார்க்காமல் யாராவது கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னால் வேறு மெக்கானிக்கைத் தேடலாம்.

கோட்டுக்கு வெளியே உள்ள தேவைகளுக்கு வருவோம். ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, ஏர்பேக் விளக்கு அணையவில்லை, எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேட் மாற்ற வேண்டும், டீசல் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் குறியீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இவற்றுக்குக் கம்பெனி மொழி தெரிந்த கருவி வேண்டும். எஞ்சின், கியர், ஏபிஎஸ், ஏர்பேக் நான்கையும் படிக்கும் கருவிகள் ஆயிரங்களில் தொடங்குகின்றன. காரின் உறுப்புகளுக்குக் கட்டளையிட்டு இயக்கிப் பார்க்கும் டேப்லெட் வகை, பல பத்தாயிரங்களில். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த டேப்லெட் வகைதான்.

இந்தப் படிக்கு ஏறும் முன் இரண்டு விஷயங்களை யோசிக்கலாம். முதலாவது, சில கம்பெனிக் கார்களுக்கு மலிவான குறுக்குவழி இருக்கிறது. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக 2021இல் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையிலும் உற்பத்தி நின்றது. ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் வைத்திருப்பவர்களில் பலர் அதற்குப் பிறகு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளின் பக்கம் திரும்பினார்கள். ஃபோர்டு, மாஸ்டா கார்களுக்கென்றே எழுதப்பட்ட இது, நல்ல அடாப்டர் ஒன்று இருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் வரை உள்ளே போய்ப் படித்துவிடும். ஃபோர்டு கார்களில் இரண்டாவது கேன் இணைப்பு 3, 11 ஆகிய பின்களில் ஓடுவதால், அந்தப் பின்களுக்கும் மாறத் தெரிந்த அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண நகலில் அந்தப் பின்களே இணைக்கப்பட்டிருக்காது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ், ஓபிடிலெவன் இருக்கின்றன. ரெனால்டுக்கு டிடிடி4ஆல் என்ற திறந்த மென்பொருள். ஒரே கம்பெனிக்கென்று செதுக்கிய இந்த மென்பொருள்கள், அந்தக் கம்பெனிக் காரில் பெரிய டேப்லெட்டோடு தாராளமாகப் போட்டி போடும். மாருதி, டாடா, மஹிந்திரா வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் கருவி வாங்கும்போது அதன் வாகனப் பட்டியலில் மாருதி, டாடா என்ற தனி மெனு இருக்கிறதா, தங்கள் மாடலும் வருடமும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். 'சுசூகி உண்டு' என்பதை நம்பி வாங்கினால், ஜப்பான் மாடல்களின் பட்டியல் திரையில் அழகாக வந்து நிற்கும்.

இரண்டாவது, கணக்கு. வீட்டில் ஒரே கார், அதில் ஏபிஎஸ் விளக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எரியும். அதற்கு மெக்கானிக்கிடம் 500 ரூபாய் கொடுத்துப் பார்த்துவிட்டு வருவதே லாபம். சொந்தமாக வாங்கினால் வருடாவருடம் அப்டேட் சந்தா வேறு. பல கருவிகள் ஓரிரு வருட இலவசத்துக்குப் பிறகு கட்டணம் கேட்கும். வீட்டிலும் உறவிலும் நாலைந்து கார், எல்லாரும் நம்மிடமே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்றால் கணக்கு மாறும். பூட்டை உடைத்த திருட்டு மென்பொருளோடு பாதி விலைக்கு விற்கிறார்களே என்றால், குறியீடு படிக்கும்வரை அது ஓடலாம். கம்ப்யூட்டரில் எதையாவது எழுத அதைப் பயன்படுத்தி, நடுவில் அறுந்துபோனால் எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டிவரும்.

பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்காரர்களின் கவலை தனி. சைலன்சர் வரிசையில் உள்ள டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி, தானே சேர்த்த கரியைச் சுமார் 600 டிகிரியில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட்டம் வேண்டும். அடையாற்றிலிருந்து மயிலாப்பூர்வரை மட்டும் ஓடும் டீசல் காருக்கு அது வாய்ப்பதில்லை. இங்கே வீட்டு ஸ்கேனர் உண்மையில் பயன்படுகிறது: பல மாடல்களில் கரி எத்தனை கிராம் சேர்ந்திருக்கிறது, வடிகட்டியின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று செயலியில் பார்க்கலாம். விளக்கு எரியும்வரை காத்திராமல், அளவு ஏறும்போதே ஞாயிற்றுக்கிழமை ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டுவரை ஓட்டிவிட்டு வரலாம். நின்ற இடத்திலேயே கட்டாயமாக எரிக்க வைக்கும் கட்டளை பெரிய கருவிகளில் உண்டு. சைலன்சர் அந்த அளவு சூடாகும்போது அடியில் காய்ந்த புல்லோ சருகோ கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், அதை வீட்டு வாசலில் செய்யத் தோன்றாது.

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு அடாப்டர் ஒரே நாளில் போட்ட காசை எடுத்துத் தந்துவிடும். விற்பவர் முந்தின நாள் குறியீடுகளை அழித்துவிட்டுக் காரைக் கழுவி நிறுத்தியிருப்பார். விளக்கு எரியாது, குறியீடும் இருக்காது. ஆனால் 'குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்', 'அழித்தபின் எஞ்சின் சூடேறிய தடவைகள்' என்று இரண்டு அளவுகள் ஓபிடி பட்டியலில் இருக்கின்றன. 60,000 கிலோமீட்டர் ஓடிய கார் அங்கே 6 கிலோமீட்டர் என்று காட்டினால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்தி, எதை அழித்தீர்கள் என்று கேட்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இந்த எண் பூஜ்யமாகலாம் என்பதால் குற்றம் சாட்டத் தேவையில்லை, கேட்டால் போதும். கம்ப்யூட்டர் தனக்குத் தானே நடத்தும் சோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியலையும் பார்க்க வேண்டும். எல்லாம் 'முடியவில்லை' என்றிருந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வரலாம்.

நம் காரிலேயே குறியீட்டை அழிக்கும் பொத்தான் பெரிய சபலம். அழுத்தினால் விளக்கு அணையும், மனதுக்கு நிம்மதி. கூடவே, கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு சூடு என்று கார் எடுத்து வைத்திருந்த பதிவும் அழிந்துவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது அவருக்குத் தேவைப்படுவது அந்தப் பதிவுதான். முதலில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு அழிக்கலாம். விளக்கு நிலையாக எரிந்தால் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு மின்னினால் எஞ்சின் மோசமாக மிஸ் ஆகி, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்கேனரைத் தேடுவதற்கு முன் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

அடாப்டரை சாக்கெட்டிலேயே விட்டுவைக்கும் பழக்கமும் வேண்டாம். 16ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் அடாப்டர் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி தின்னும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வரும்போது பாதியாகியிருக்கும். ப்ளூடூத் கடவுச்சொல் பெரும்பாலும் 1234 அல்லது 0000; பக்கத்தில் நிற்கும் எவரும் இணைந்துவிடலாம். சாக்கெட் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழேயே இருப்பதால், நீட்டிக்கொண்டிருக்கும் அடாப்டரில் முட்டி இடித்து சாக்கெட்டையே பிய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

கார்கள் மாற மாற இந்தக் கணக்கும் கொஞ்சம் நகர்கிறது. இலங்கையில் ஓடும் ஜப்பான் உள்நாட்டுச் சந்தை ஹைபிரிட் கார்களுக்கு ஸ்கேனரின் முதல் வேலை எஞ்சினே கிடையாது, பேட்டரி. முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவின் பேட்டரி 20 மாட்யூல்கள், மொத்தம் 144 வோல்ட். ஒவ்வொரு தொகுதியின் வோல்டேஜையும் தனித்தனியே காட்டும் செயலிகள் இருக்கின்றன. காரை இழுக்கவிட்டுப் பார்க்கும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிடச் சரிந்தால் செலவு பின்னால் வருகிறது என்று அர்த்தம். வாங்கும் முன் இதைப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. நம் நாட்டில் 2020க்குப் பிந்தைய பைக், ஸ்கூட்டர்களிலும் ஓபிடி வந்துவிட்டது. சாக்கெட் காரைப்போல் 16 பின் கொண்டதாக இருக்காது, பலவற்றில் 6 பின். தனி ஒயர் வாங்கி அதே அடாப்டரைப் பயன்படுத்தலாம். ஒயர் நம் வண்டியின் கப்ளருக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்த்து வாங்குவதுதான் வேலை. மின்சார கார்களில் புகையே இல்லாததால் பொது ஓபிடி பட்டியலிலிருந்து உருப்படியாக எதுவும் வருவதில்லை. சாக்கெட் இருக்கும், அடாப்டரும் சேரும்; பேட்டரியின் உடல்நிலை கம்பெனி மொழியில்தான் கிடைக்கும். அந்த மாடலுக்கென்று செயலியில் தனி அளவுப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் அடாப்டர் வாங்கினால் போதும்.